வாசல் வேம்பில் நாரைக் கூடு

இருபத்திரண்டு வருஷமாக ஆலங்குளம் காய்கறி மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடையில் கணக்கு எழுதுகிறேன். விடியுமுன் லோடு இறங்கும். எத்தனை சாக்கு கத்தரி, எத்தனை பெட்டி தக்காளி என்று எண்ணி எழுதுவதுதான் பிழைப்பு. எதைப் பார்த்தாலும் எண்ணிவிடுகிற கண் என்னுடையது. அந்தக் கண்ணுக்கு இந்த மாசியில் மூன்று நாள் விருந்து கிடைத்தது. திரும்பி வந்து ஒரு வாரம் ஆகிறது, இன்னும் வாய் ஓயவில்லை. கடைக்கு வருகிற விவசாயிகள், டீக்கடைக்காரர், மச்சினன் என்று ஒருவர் விடாமல் பிடித்து உட்கார்த்திச் சொல்லிவிட்டேன். அவர்களோடு முடியவில்லை, எழுதவும் உட்கார்ந்துவிட்டேன்.

ஏற்பாடு செய்தது மகள். பெங்களூரில் வேலை பார்க்கிறாள், அங்கே யாரோடோ சேர்ந்து பறவை பார்க்கப் பழகியிருக்கிறாள். "அப்பா, மூணு நாள் லீவு சொல்லுங்க. அம்மாவும் வரணும். நம்ம ஊர்ப் பக்கத்துலயே கூட்டிட்டுப் போறாங்க" என்றாள். நம்ம ஊர்ப் பக்கம் என்றதும் நான் மேற்கே பார்த்தேன். எங்கள் ஊரில் காடு, மிருகம், பறவை என்று யார் பேசினாலும் கை மேற்கேதான் போகும். குற்றாலத்துக்கு மேலே நீலமாக நிற்கிற மலை, அதற்குத் தெற்கே முண்டந்துறைப் புலிகள் காப்பகம். கிழக்கும் தெற்கும் எங்களுக்குப் பொட்டல்தான். ஒக்கநின்றான் பொத்தை, காற்றாலை, உடைமரம், அதற்கப்பால் பேருந்து போகிற ரோடு. மகள் சொன்ன இடமோ நாங்குநேரிப் பக்கத்துக் கூந்தன்குளம். "அந்த வெயில் காட்டுக்கா?" என்று கேட்டேன். அப்படிக் கேட்டதை நினைத்தால் இப்போது மனசு குறுகுகிறது.

வேனில் எட்டுப் பேர். எங்களை அழைத்துப் போனது அம்பாசமுத்திரம் பக்கத்துத் தம்பி ஒருவர், வயது முப்பது இருக்கும். விடிகாலை ஐந்தரைக்கு வந்தார். வேனில் ஏறி உட்கார்ந்து, மனைவி பையைச் சரிசெய்து முடிப்பதற்குள் வண்டி நின்றுவிட்டது. "இறங்குங்க அண்ணாச்சி." எட்டிப் பார்த்தால் எங்கள் ஊர்ப் பக்கத்துக் குளக்கரை! வீட்டிலிருந்து சைக்கிளில் வந்தால் பத்து நிமிஷம். ஐப்பசி கார்த்திகை மழையில் மறுகால் பாய்ந்த குளம், மாசியில் பாதிக்குப் பாதி இறங்கிக் கிடந்தது. "ஊரைத் தாண்டுறதுக்கு முன்னாடி ஊரைப் பார்த்திருவோம்" என்று சிரித்தார்.

அந்தக் கரையில் அவர் சொல்லிக்கொடுத்த இரண்டு விஷயத்துக்காகவே அவருக்கு எவ்வளவு கொடுத்தாலும் தகும்.

முதலாவது, சூரியன் முதுகுப்பக்கம் இருக்க வேண்டும். காலையில் கிழக்குக் கரை, சாயங்காலம் மேற்குக் கரை. எதிர் வெயிலில் எல்லாப் பறவையும் கறுப்பு நிழல்தான். கிழக்குக் கரையில் போய் நின்ற மறுநிமிஷம், கறுப்பாகத் தெரிந்ததெல்லாம் நிறம் நிறமாக மலர்ந்தது. நாமக்கோழியின் நெற்றியில் வெள்ளை நாமம், நீலத் தாழைக்கோழி உடம்பில் மயில்கழுத்து நிறம், பவளக்காலி நிற்கிற காலில் இளஞ்சிவப்பு. இறங்கிய தண்ணீர்தான் பறவைக்குப் பந்தி என்றும் அப்போதுதான் தெரிந்தது. குளம் நிறைந்து கிடந்தால் நடக்கிற பறவைக்கு எட்டாது. தண்ணீர் வடிய வடிய மீனும் நத்தையும் முழங்கால் ஆழத்துக்கு வந்து சேரும்.

இரண்டாவது, எண்ணுகிற வித்தை. நத்தைக்குத்தி நாரைகள் கரையோரம் கூட்டமாக நின்றன. நான் வழக்கப்படி ஒன்று, இரண்டு என்று ஆரம்பித்தேன். பாதி எண்ணுவதற்குள் நாலு பறந்து இடம் மாறின. தம்பி சொன்னார்: "பத்தை எண்ணுங்க. அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்குதுன்னு கண்ணுல வாங்கிக்கோங்க. அப்புறம் அந்த அளவை எடுத்துக் கூட்டத்து மேல வச்சு வச்சுப் பாருங்க. ஆயிரம் பறவைன்னா முதல்ல நூறை அளக்கணும்." எனக்குச் சிலிர்த்துவிட்டது. லாரியில் அடுக்கின சாக்கை நாங்கள் எண்ணுவது இப்படித்தான்! ஒரு அடுக்கு எண்ணினால் போதும். இருபத்திரண்டு வருஷம் மார்க்கெட்டில் கற்ற வித்தை வானத்துக்கும் செல்லும் என்று யார் நினைத்தது? நாற்பத்து மூன்று என்றேன். தம்பி ஸ்கோப்பில் பார்த்துவிட்டு "நாப்பத்தி ரெண்டு" என்றார்.

ஸ்கோப் என்பது முக்காலியில் நிற்கிற ஒற்றைக் கண் தூரதர்சினி. அதில் என் மனைவி நத்தைக்குத்தியின் அலகைப் பார்த்துவிட்டு, "ஏங்க, வாய் மூடலையே, நடுவுல சந்து தெரியுதே!" என்றாள். உண்மைதான். அலகை மூடினாலும் நடுவில் ஒரு வளைந்த இடைவெளி. நத்தை தின்கிற பறவைக்கு அது ஒரு வசதி என்றார் தம்பி. குஞ்சுக்கு அந்தச் சந்து கிடையாதாம், வளர வளரத்தான் வருமாம். பிறந்த ஊர்க் குளத்தில் பிறந்ததிலிருந்து நிற்கிற பறவையின் வாயை ஐம்பத்தோராம் வயதில் முதன்முதலாகப் பார்த்தேன்.

தம்பிக்கு இந்தக் கல்வி கிடைத்தது எப்படி என்று கேட்டேன். தாமிரபரணி நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பில் என்றார். 2011இல் தொடங்கியது. மணிமுத்தாறில் இருக்கிற ஏட்ரீ அமைப்பின் அகத்தியமலை மையம் மற்ற இயற்கை அமைப்புகளோடு சேர்ந்து ஜனவரிதோறும் தன்னார்வலர்களைக் குழு குழுவாகப் பிரித்துக் குளம் குளமாக அனுப்புகிறது. கல்லூரியில் படிக்கும்போது நோட்டும் பென்சிலுமாகப் போனவர், இன்று எந்தக் குளத்தில் எந்த மடைப்பக்கம் எது மேயும் என்று நடுராத்திரியில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவார். நெல்லை, தென்காசி, தூத்துக்குடிக் குளங்களை இப்படி வருஷா வருஷம் எண்ணிக் கணக்கு வைக்கிறார்கள் என்று கேட்டபோது கணக்குப்பிள்ளைக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

அன்று நடுப்பகலில் அம்பாசமுத்திரம் பக்கத்து வாகைக்குளம். வெயில் ஏறிவிட்டதால் அதிக நேரம் நிற்கவில்லை. குளத்துக்குள் நிற்கிற மரங்களில் நீர்க்காகங்கள் சிறகை விரித்துக் காயப்போட்டுக்கொண்டிருந்தன. அரிவாள்மூக்கன்கள் தலையை முதுகில் செருகித் தூங்கின. மர நிழலில் உட்கார்ந்து, மஞ்சள் போட்டு அவித்த பனங்கிழங்கை உரித்துத் தின்றோம்.

சாயங்காலம் திருப்புடைமருதூர். முக்கூடல் எங்களுக்கு மார்க்கெட் உறவுள்ள ஊர், வாரம் ஒருமுறை போகிறவன் நான். அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிற இந்த இடத்துக்குச் சாமி கும்பிட மட்டும்தான் வந்திருக்கிறேன். நாறும்பூநாதர் கோயில், ஐந்து நிலைக் கோபுரம், அதற்குள்ளே நிலைக்கு நிலை மரச்சிற்பமும் சுவரோவியமும். கோயிலை ஒட்டித் தாமிரபரணியோடு கடனாநதி வந்து சேர்கிறது. ஆற்றங்கரையில் மருதமும் இலுப்பையுமாகப் பெரிய மரங்கள். அந்த மரங்கள் நிற்கிற சுமார் ஏழு ஏக்கர் நிலத்தை 2005இல் பறவைகள் பாதுகாப்புக் காப்பகமாக அரசு அறிவித்திருக்கிறது. ஏழே ஏக்கர்! எங்கள் ஊரில் ஒரு சம்சாரியின் தோட்டம் அவ்வளவு இருக்கும். ஊர்க்காரர்கள் தாங்களே பாதுகாத்து வந்த பறவைகளுக்காக அரசாணை பின்னால் வந்தது என்று தம்பி சொன்னார்.

ஐந்தரை மணிக்குப் படித்துறையில் உட்காரச் சொன்னார். பேசக்கூடாது. முதலில் ஒரு கொக்கு வந்தது. அப்புறம் ஆறு. அப்புறம் ஆற்றின் வளைவு முழுக்க வெள்ளை. தண்ணீரை ஒட்டித் தாழப் பறந்து வந்து, கோயில் பக்கம் திரும்பும்போது ஒரே மூச்சில் மேலேறி மரத்தில் அமர்ந்தன. நீர்க்காகங்கள் கயிறு பிடித்த மாதிரி வரிசையாக வந்தன. கடைசியாக, மற்றவை எல்லாம் அடைந்த பிறகு, இராக்கொக்குகள் 'வக், வக்' என்று கத்திக்கொண்டு வேலைக்குக் கிளம்பின. அவற்றுக்குப் பகல் அப்போதுதான் ஆரம்பம். கோயிலில் சாயரட்சை மணி அடித்தது. மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். கல்யாணமாகி இருபத்தேழு வருஷத்தில் நாலு பேர் முன்னால் அவள் அப்படிச் செய்தது அன்றுதான்.

இரவு தங்கின இடத்தில் தம்பி ஒரு புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார். மா. கிருஷ்ணன் எழுதிய கட்டுரைகள். நாட்டின் பெரிய இயற்கையியலாளர்களில் ஒருவர், தமிழிலேயே பறவை பற்றி எழுதியவர், 1912இல் திருநெல்வேலியில் பிறந்தவர், நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். எங்கள் சீமைக்காரர்! இது எனக்குத் தெரியாமலே போயிருந்தது. பத்துப் பக்கம் படித்துவிட்டுத்தான் விளக்கை அணைத்தேன்.

இரண்டாம் நாள் இருட்டோடு கிளம்பி மூலைக்கரைப்பட்டி வழியாகக் கூந்தன்குளம். நெல்லையிலிருந்து முப்பத்தெட்டு கிலோமீட்டர். போகிற வழியெல்லாம் செம்மண்ணும் பனையும் உடையும். இங்கே என்ன இருக்கப்போகிறது என்று தோன்றும், தோன்றிக்கொண்டே இருக்கும்போது ஊர் வந்துவிடும். தம்பி வேனை ஊருக்கு வெளியே நிறுத்தச் சொன்னார். ஹாரன் கூடாது, கதவை அடித்துச் சாத்தக்கூடாது. ஊருக்குள் நடந்தே போனோம்.

தெருவில் நுழைந்ததும் முதலில் தெரிந்தது வாசனைதான். மீன் வாசனையும் சுண்ணாம்பு வாசனையும் கலந்தது. அடுத்து, அலகை அலகோடு தட்டுகிற 'டக டக டக' சத்தம். நிமிர்ந்தால் வேப்பமரம். மரம் முழுக்க மஞ்சள்மூக்கு நாரை! ஒரு கூட்டில் ஆண் நாரை குச்சி கொண்டுவந்து கொடுக்க, பெண் வாங்கிச் செருகிக்கொண்டிருந்தது. அதற்கு மேல் கூட்டில் ஒன்று அடைகாத்தது. இன்னொன்றில் வெள்ளைப் பஞ்சுத் தலை இரண்டு எட்டிப் பார்த்தன. முதுகின் கடைசிச் சிறகுகளில் ரோஜா நிறம், நெஞ்சில் கறுப்புப் பட்டை, ஆரஞ்சுத் தலை, மஞ்சள் அலகு. இத்தனையும் தரையிலிருந்து இரண்டு ஆள் உயரத்தில்! மரத்துக்கு அடியில் ஒரு ஆச்சி வாசல் தெளித்துக்கொண்டிருந்தார். அவர் தலைக்கு நேர் மேலே ஒரு நாரை சிறகை அடித்து இறங்கியது. ஆச்சி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

பைனாகுலர் கழுத்தில் தொங்கியது, அதை எடுக்கவே தோன்றவில்லை. சரணாலயம் என்றால் வேலி இருக்கும், டிக்கெட் இருக்கும், மனுஷன் வெளியே, பறவை உள்ளே என்றுதான் நினைத்திருந்தேன். இங்கே பறவை வீட்டு வாசலில் இருக்கிறது. வீட்டுக்காரர்கள் அதன் கீழே கோலம் போடுகிறார்கள்.

ஆச்சியிடம் மனைவி பேச்சுக் கொடுத்தாள். "எச்சம் விழுமே ஆச்சி, துணி காயப்போட முடியாதே?"

"விழுந்தா தொவைச்சுக்கிட வேண்டியதுதான் தாயி. வயலுக்கு உரம்லா அது? அது வராத வருசம் மழையும் கெடையாது, வெள்ளாமையும் கெடையாது. பொறந்த வீட்டுக்குப் புள்ளத்தாச்சியா வந்திருக்கு. தூரப் போன்னு சொல்லவா முடியும்?"

இதைக் கேட்டு என் மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. எங்கள் மகளுக்கும் தலைப்பிரசவம் எங்கள் வீட்டில்தான் நடந்தது.

ஆச்சி சொன்ன உரக் கணக்கு நிஜம். குளத்து மரங்களிலிருந்து எச்சம் தண்ணீரில் விழுகிறது. கோடையில் குளம் வற்றினதும் வண்டலை அள்ளி வயலில் போடுகிறார்கள். மடை திறந்தால் பாய்கிற தண்ணீரிலும் அந்தச் சத்து இருக்கிறது. குளத்துக்குத் தண்ணீர் மணிமுத்தாறு அணையிலிருந்து கால்வாய் வழியாக வருகிறது. அணையில் இருப்பு நன்றாக இருந்தால் குளம் நிற்கும், குளம் நின்றால் பறவை நிற்கும். தீபாவளிக்கு இந்த ஊரில் வெடி வெடிப்பதில்லை. பிள்ளைகள் கேட்க மாட்டார்களா என்று விசாரித்தேன். பக்கத்தில் நின்ற ஒரு சிறுவனே பதில் சொன்னான்: "குஞ்சு பயந்து கீழ விழுந்துரும்லா மாமா." இந்த ஊரில் வளர்கிற பிள்ளைக்கு இது பாடமாகச் சொல்லித்தர வேண்டியதில்லை போல!

கீழே விழுகிற குஞ்சு என்றதும் பால்பாண்டி பெயர் வந்துவிடும். இந்த ஊர்க்காரர், வனத்துறையில் பறவைக் காவலராக இருந்தவர். காற்றில் கூட்டிலிருந்து விழுந்த குஞ்சுகளை எடுத்துவந்து, மீன் கொடுத்து வளர்த்து, பறக்கத் தெரிந்ததும் விட்டவர். தாய் நாரை தரையில் விழுந்த குஞ்சுக்கு இரை கொடுக்காது. யாரும் எடுக்காவிட்டால் அது பிழைக்காது. அப்படி எடுத்தவர் கை எவ்வளவு கொத்து வாங்கியிருக்கும்! பக்கத்து ஊர்களிலெல்லாம் அவர் கதையைக் கதையாகவே சொல்கிறார்கள். ஒன்று முடிந்ததும் அடுத்த கதையைச் சொல்லச் சொல்லிக் கேட்டேன்.

காலை ஏழு மணிக்குக் குளக்கரையில் இருக்கிற கண்காணிப்புக் கோபுரத்தில் ஏறினோம். இப்போது நான் சொல்லப்போவதை மெதுவாகப் படியுங்கள், அவசரப்பட வேண்டாம்.

கூந்தன்குளமும் காடன்குளமும் சேர்ந்து நூற்று இருபத்தொன்பது ஹெக்டேர். 1994இல் சரணாலயம் ஆனது. 2022இல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்ற ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. ஈரானில் ராம்சர் என்ற ஊரில் 1971 பிப்ரவரி 2ஆம் தேதி போட்ட ஒப்பந்தம் அது, அந்தத் தேதிதான் உலக ஈரநில நாள். கடல் கடந்து கையெழுத்தான ஒரு பட்டியலில் நாங்குநேரித் தாலுகா குளம்! தண்ணீருக்கு நடுவில் கருவேல மரங்கள் தீவு தீவாக நின்றன. ஒவ்வொரு தீவும் ஒரு தெரு மாதிரி. மேல் மாடியில் நாரை, நடு மாடியில் கரண்டிவாயன், கீழ் மாடியில் நீர்க்காகமும் பாம்புத்தாராவும். ஓரத்து மரத்தில் கூழைக்கடாக்கள், தாடையின் பையைத் தொங்கவிட்டு, மார்க்கெட்டில் கணக்கு முடிந்த மண்டி முதலாளிகள் மாதிரி அமர்ந்திருந்தன.

கரண்டிவாயன் மேய்கிறதை நீங்கள் பார்க்க வேண்டும். தண்ணீருக்குள் அலகை லேசாகத் திறந்து, தலையை இடமும் வலமும் வீசிக்கொண்டே நடக்கும், கதிர் அறுக்கிற அரிவாள் வீச்சு மாதிரி. அலகுக்குள் ஏதாவது பட்டால் கப்பென்று மூடும். மஞ்சள்மூக்கு நாரையும் அலகைத் தண்ணீரில் திறந்து வைத்து, காலால் சேற்றைக் கிளறி, மீன் தானே வந்து படக் காத்திருக்கும். கண்ணால் தேடுவதில்லை, தொடுஉணர்வால் பிடிக்கிறது. கலங்கல் தண்ணீரில் மீன் பிடிக்க இதைவிட நல்ல வழி ஏது?

"இதுதானா புலவர் தூது விட்ட நாரை?" என்று மனைவி கேட்டாள். பள்ளிக்கூடத்தில் சத்திமுத்தப் புலவர் பாட்டை மனப்பாடம் செய்தவள் அவள். அது பெரும்பாலும் வெண்ணிற நாரை, காலும் அலகும் சிவப்பு, வெகுதூரம் வலசை போவது, என்றார் தம்பி. அவர் அதைச் சொல்லி முடித்ததும் மனைவி பாட்டு முழுவதையும் கோபுரத்து உச்சியில் நின்று தாழ்ந்த குரலில் சொல்லிமுடித்தாள். எங்கள் குழுவில் ஒருவரும் அசையவில்லை.

பிறகு தம்பி ஸ்கோப்பைத் தெற்கே திருப்பினார். அந்தப் பக்கம் தொடுவானத்தில் ஊசி மாதிரிக் கம்பங்கள் தெரியும். விஜயநாராயணத்தில் கடற்படை நிறுத்தியிருக்கிற வானொலிக் கோபுரங்கள், 471 மீட்டர். தம்பிக்கு அவை திசைகாட்டி. "இடது கோபுரத்துக்கு நேர் கீழ, வெள்ளைத் திட்டு இருக்கு பாருங்க, அதுக்கு வலது பக்கம்." பார்த்தேன். சாம்பல் நிறத்தில் வாத்துகள், கரையேறிப் படுத்திருந்தன. தலையில் இரண்டு கறுப்புக் கோடு, மை தொட்டு இழுத்தது போல.

"அதுதான் வரித்தலை வாத்து, அண்ணாச்சி. இமயமலைக்கு அந்தப் பக்கத்து ஊர்க்காரங்க."

திபெத், மங்கோலியா ஏரிக்கரைகளில் குஞ்சு பொரித்துவிட்டு, இமயமலையைத் தாண்டி வருகிற பறவை. ஏழாயிரம் மீட்டருக்கு மேலே பறந்ததைக் கருவி பொருத்தி அளந்திருக்கிறார்கள். அங்கே காற்றில் நமக்குக் கிடைக்கிற பிராணவாயுவில் பாதிகூடக் கிடையாது. அதன் இரத்தம் அந்தக் கொஞ்சத்தையும் இறுகப் பிடித்துக்கொள்கிற வகை. இரண்டு மூன்று கிலோதான் எடை, எங்கள் கடையில் ஒரு முட்டைக்கோஸ் எடை! அந்த உடம்போடு பனிமலையைக் கடந்து, கங்கைச் சமவெளி, தக்காணம் எல்லாம் தாண்டி, மூலைக்கரைப்பட்டிக்குப் பக்கத்தில் வந்து வெயில் காய்கிறது. எண்ணினேன். முப்பத்தேழு. மறுபடி எண்ணினேன். முப்பத்தேழு. மூன்றாம் முறை எண்ணத் தேவையே இல்லை, ஆனாலும் எண்ணினேன், அவற்றைப் பார்த்துக்கொண்டே இருக்க ஒரு காரணம் வேண்டியிருந்தது. இரவில் வயலில் இறங்கி மேயும் என்றார் தம்பி. பிசான நெல் நிற்கிற வயல். இதற்கும் இந்த ஊர்க்காரர்கள் தகரம் தட்டி விரட்டுவதில்லை.

மத்தியானம் தங்கின வீட்டில் சொதியும் சோறும் போட்டார்கள். சாப்பிட்டுவிட்டு எல்லாரும் படுத்தார்கள். எனக்குப் படுக்கை கொள்ளவில்லை. தனியாக வேப்பமரத்தடிக்கு வந்தேன். மணி இரண்டு. வெயில் சுள்ளென்று அடித்தது. அந்தக் காட்சியை மட்டும் இந்த மூன்று நாளிலிருந்து எடுத்துத் தனியாக வைத்திருக்கிறேன். காலையில் பார்த்த பஞ்சுத்தலைக் குஞ்சுகளுக்கு மேலே தாய் நாரை வெயிலுக்கு முதுகைக் காட்டி, இரண்டு சிறகையும் விரித்துக் குடை பிடித்து நின்றது. வெயில் நகர நகரக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிக்கொண்டது. வாய் பிளந்து மூச்சிரைத்தது. அசையவில்லை. முக்கால் மணி நேரம் நானும் நின்றேன். இணை நாரை வந்து இடம் மாற்றிய பிறகுதான் அது சிறகை மடக்கியது. பறந்து குளத்துப் பக்கம் போனது. ஆச்சி ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "எய்யா, நீயாவது நெழலுக்கு வா" என்று கூப்பிட்டு, ஒரு செம்பு மோர் கொடுத்தார்.

சாயங்காலம் விஜயநாராயணம் பெரிய குளம். இந்தப் பக்கத்திலேயே மிகப் பெரிய குளங்களில் ஒன்று, எதிர்க்கரை தெரியாது. அங்கேதான் பூநாரை. தூரத்தில் இளஞ்சிவப்பாக ஒரு கோடு. ஸ்கோப்பில் அந்தக் கோடு காலும் கழுத்துமாகப் பிரிந்தது. தலையைத் தலைகீழாகத் தண்ணீரில் கவிழ்த்து, அலகின் ஓரச் சல்லடையால் சேற்றுநீரை வடிகட்டிச் சாப்பிடுகின்றன. சாப்பிடுகிற பாசியிலும் சிறு பூச்சியிலும் இருக்கிற நிறம்தான் சிறகுக்கு ஏறுகிறது. குஜராத்தின் கட்ச் ரண்ணில் கூடு கட்டுகிற இனம். நூறை அளந்தேன், அளவை வைத்து வைத்துப் பார்த்தேன். நானூறு சொன்னேன். தம்பியும் நானூற்றுச் சொச்சம் எழுதினார். அவர் நோட்டில் என் கணக்கும் சேர்ந்தது!

இருட்டுகிற நேரத்தில் சோளக்குருவிகள் வந்தன. மத்திய ஆசியாவிலிருந்து குளிர்காலத்துக்கு வருகிறவை, கறுப்பும் ரோஜாவுமாக மைனா அளவு. முதலில் புகை என்று நினைத்தேன். புகை சுருண்டது, விரிந்தது, பந்தானது, ஒரு பக்கம் இழுபட்டு வில்லானது. தலைக்கு மேலே கடக்கும்போது மழை வருகிற சத்தம். அத்தனை சிறகும் ஒன்றையொன்று இடிக்கவில்லை. இந்த முறை எண்ணவே முயலவில்லை நான். கோபுரங்களின் சிவப்பு விளக்குகள் எரிய ஆரம்பித்தபோது எல்லாம் ஒரே இழுப்பில் நாணலுக்குள் இறங்கிவிட்டன.

மூன்றாம் நாளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் நாங்கள் எங்கேயும் போகவில்லை. பட்டியலில் இன்னும் இரண்டு குளம் இருந்தது. தம்பி கேட்டார், எட்டுப் பேரும் ஒரே குரலில் கூந்தன்குளத்திலேயே இருக்கிறோம் என்றோம். நல்ல வழிகாட்டிக்கு இதுவும் தெரிந்திருக்க வேண்டும், எப்போது வண்டியை எடுக்கக்கூடாது என்பது. காலை முழுக்கத் தெருவில் உட்கார்ந்திருந்தோம். ஊசிவால் வாத்தும் நீலச்சிறகியும் ஆண்டிவாத்தும் குளத்தில் தலைகீழாக நின்று மேய்வதைப் பார்த்தோம். ஒரு விராலடிப்பான் கெண்டையைத் தூக்கிக்கொண்டு போனது. சேற்றுப் பூனைப்பருந்து தாழப் பறந்தபோது குளமே எழுந்து உட்கார்ந்தது. மகள் அம்மாவுக்கு ஸ்கோப்பைச் சரிசெய்து கொடுக்க, அம்மா மகளுக்குப் பாட்டின் அர்த்தம் சொல்ல, நான் பழைய சிட்டைப் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டே இருந்தேன். மூன்று நாளில் எழுபத்தெட்டு இனம்.

போகிறவர்களுக்கு ஒரு சொல். டிசம்பர் முதல் ஜூலை வரை கூந்தன்குளத்தில் பறவை இருக்கும். வெளிநாட்டு வாத்துகள் வேண்டுமென்றால் ஜனவரி, பிப்ரவரி. குஞ்சுகள் வேண்டுமென்றால் அதற்குப் பிறகு. பளிச்சென்ற சட்டை வேண்டாம். மரத்தடியில் கூட்டுக்கு நேர் கீழே நிற்க வேண்டாம், எச்சத்துக்காக அல்ல, தாய் எழுந்துவிட்டால் முட்டைக்கு வெயில் படும். தனியாகவும் போகலாம். ஆனாலும் தெரிந்த ஒருவரோடு போங்கள். நான் தனியாகப் போயிருந்தால் அரைமணி நேரத்தில் 'பார்த்தாச்சு' என்று திரும்பியிருப்பேன்.

கிளம்பும்போது ஆச்சியிடம் சொல்லிக்கொண்டோம். மனைவி ஒரு சீப்பு பழமும் வெற்றிலையும் கொடுத்தாள். ஆச்சி வாங்கி மடியில் வைத்துக்கொண்டு மேலே கூட்டைக் காட்டினார். "இப்பப் பார்த்தது என்ன? சித்திரை மாசம் வாங்க. இதுக கெளைய விட்டு மொதல் தடவ பறக்கும். ஒண்ணு பறந்துட்டு ஏங்கூரையில வந்து உக்காரும், எறங்கத் தெரியாம முழிக்கும். அதப் பாக்கணும்."

கடையில் முதலாளியிடம் சித்திரை இரண்டாம் வாரத்துக்கு இப்போதே மூன்று நாள் சொல்லி வைத்துவிட்டேன். அதுவரை கடை முடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு எங்கள் ஊர்க் குளத்துக்குப் போகிறேன், சாயங்காலமானால் மேற்குக் கரைக்கு. நேற்று நத்தைக்குத்தி முப்பத்தொன்பது.